நூலைச் சந்தாவாகக் கேட்ட சங்கம்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், போடிநாயக்கனூரின் மலையடிவாரத்திலும் வருஷநாட்டுப் பக்கத்துத் தோட்டங்களிலும் இலை உதிர்ந்து நிற்கும் இலவ மரங்களில் காய்கள் முற்றி வெடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சமயத்தில் மலைக்காற்று சற்றுப் பலமாக வீசிவிட்டால், வேலியோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு வந்து ஒதுங்கும். அதை அள்ளி விளையாடாத குழந்தை அந்தப் பிரதேசத்தில் இருக்க முடியாது. சிறு பிராயத்தில் நானும் ஒரு கைப்பிடி இலவம் பஞ்சை எடுத்து, விரல்களுக்கு நடுவே வைத்துத் திரித்துத் திரித்துப் பார்த்து, அது நூலாக நிற்காமல் வழுக்கிப் பிரிந்து போவதைக் கண்டு ஏமாந்ததுண்டு. பஞ்சுதானே, இது மட்டும் ஏன் நூலாக மாட்டேன் என்கிறது என்ற அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின. தெரிந்தபோது, நூற்றல் என்னும் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்த விடைக்குள்ளேயே இருக்கக் கண்டேன்.

இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்று நிறைந்த ஒரு நுண்ணிய குழல். அதன் மேற்புறம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பானது. அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது. கப்பல்களில் உயிர் காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள் அதை வைத்துத் தைத்த காலமும் இருந்தது. தலையணைக்கும் மெத்தைக்கும் அதைவிடச் சுகமான பொருள் கிடையாது. ஆனால் வழவழப்பான இரண்டு இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள மாட்டா. பருத்தியின் குணம் வேறு. காய்க்குள் இருக்கும் வரையில் பருத்தி இழையும் உருண்டைக் குழலாகத்தான் இருக்கிறது. காய் வெடித்து வெயில் பட்டவுடன் அந்தக் குழல் உலர்ந்து, தட்டையாகி, முறுக்கிவிட்ட நாடாவைப்போல் தன்னைத் தானே பல தடவை சுருட்டிக்கொள்கிறது. நூற்கிறவர் பஞ்சுக்குக் கொடுக்கும் முறுக்கை, இயற்கை முன்கூட்டியே ஒவ்வொரு இழைக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறது. இரண்டு பருத்தி இழைகளை அருகருகே வைத்துச் சற்றே திருகினால், அந்தச் சுருள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு விட மறுக்கின்றன. மனிதன் உடுத்திய பருத்தி ஆடையெல்லாம் இந்த ஒரு பிடிப்பைக் கொண்டு உண்டானதே.

தேனி மாவட்டத்து வருஷநாட்டு மலைகளிலே பிறக்கும் வைகை, கிழக்கு நோக்கி ஓடி மதுரையைக் கடந்தபின், கீழடி என்னும் சிற்றூரை ஒட்டிச் செல்கிறது. தமிழகத் தொல்லியல் துறையினர் அங்கே நடத்திய அகழாய்வில் நூற்கும் தக்ளியின் சுடுமண் வில்லைகளும், எலும்பாலான கூர்முனைக் கருவிகளும், செப்பு ஊசியும் கிடைத்தன. அந்த இடத்தின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை செல்லும் என்று 2019இல் அத்துறை வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஆகவே, இன்று எந்த நதியின் தலைமாட்டில் இருந்துகொண்டு நாம் நூற்பைப் பற்றிப் பேசுகிறோமோ, அதே நதியின் கரையில் 2500 வருஷங்களுக்கு முன்னரே பெண்கள் நூல் சுற்றும் கதிரைச் சுழற்றி இழை இழுத்திருக்கிறார்கள். சிறு விளக்கின் வெளிச்சத்தில் இரவிலும் பருத்தி வேலை பார்க்கும் பெண் புறநானூற்றிலே வருகிறாள். புத்தகத்துக்கும் இழைக்கும் நூல் என்ற ஒரே பெயரை வைத்த பாஷை நம்முடையது; நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலாசிரியனின் தொழிலை விளக்க வந்தபோது, நூற்கும் பெண்ணையும் அவள் கையையும் கதிரையுமே உவமையாக எடுத்துக்கொண்டார். கேட்கிறவர் ஒவ்வொருவரும் அந்தக் காட்சியை வீட்டிலேயே கண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்க வேண்டும். இன்று அந்த உவமையை மாணவர்களுக்கு விளக்க வேண்டுமானால், முதலில் கதிர் என்றால் என்ன என்பதை விளக்கியாக வேண்டும்.

இத்தனைக்கும் நெசவு இந்தப் பிரதேசத்தை விட்டுப் போய்விடவில்லை. 1996இல் பழைய மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டத்தைப் பிரிக்க அரசாணை பிறந்தபோது அதோடு வந்த ஆண்டிபட்டி வட்டாரத்தில், சக்கம்பட்டியும் டி. சுப்புலாபுரமும் நெசவுக்கே பேர்போன ஊர்கள். இன்று அங்கே விசைத்தறிகளின் சத்தம் பெரிதாகக் கேட்கிறதென்றாலும், கைத்தறி வைத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. குழித்தறியின் விளிம்பில் நெசவாளர் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்து ஒரு மிதியை அழுத்துகிறார்; விழுதுகள் ஏறி இறங்கி, நீளவாட்டில் கட்டிய பாவின் இழைகளில் பாதி மேலாகவும் பாதி கீழாகவும் பிரிந்து, நடுவே ஒரு வழி திறக்கிறது; கையில் பிடித்த கயிற்றை ஒரு சொடுக்குச் சொடுக்கியவுடன், நூல் சுற்றிய தாரை வயிற்றில் சுமந்த நாடா அந்த வழியாகப் பாய்ந்து மறு கரை சேருகிறது; பண்ணையை இழுத்து ஓர் அடி அடித்தால், குறுக்கே ஓடிய ஓர் ஊடை இழை துணியோடு சேர்ந்துவிடுகிறது. சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் பழகிய கை பத்துப் பன்னிரண்டு ஊடைகளைப் போட்டு முடித்திருக்கும். அந்தத் தறியில் ஓடும் நூலை யார் நூற்றார்கள் என்று கேட்டால் மட்டும், ஊரில் ஒருவரையும் சுட்டிக்காட்ட முடியாது. நூல் மில்லிலிருந்து சிப்பமாக வந்து இறங்குகிறது.

இங்கேதான் நம் ஜனங்களில் படித்தவர்கள்கூட ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். கைத்தறியும் கதரும் ஒன்றென்றே அநேகர் நினைக்கின்றனர். கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தால்தான் கதர். 1956ஆம் வருஷத்துக் கதர் கிராமத் தொழில் கமிஷன் சட்டத்திலும் அதுவே இலக்கணம். மில் நூலைக் கொண்டு எவ்வளவு அருமையாகக் கையால் நெய்தாலும் அது கைத்தறித் துணியே, கதர் ஆகாது. இரண்டும் ஆதரிக்கத் தக்கவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும், கைத்தறியின் ஜீவநாடி மில்காரரின் நூல் விலையில் இருக்கிறது. நூல் விலை ஏறும்போதெல்லாம் நெசவாளர் வீட்டு அடுப்பு தவிப்பதற்கு அதுவே காரணம்.

நெசவு பிழைத்திருக்க, நூற்பு மட்டும் ஏன் மடிந்தது? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு 40 பாவும் 40 ஊடையுமாக, 45 அங்குல அகலத்தில் 6 கெஜ நீளமுள்ள ஒரு சாதாரண நூல் சேலையை எடுத்துக்கொள்வோம். பாவில் 1800 இழைகள். ஒவ்வொன்றும் 6 கெஜம் என்றால் 10,800 கெஜம். ஊடையில் 8640 இழைகள்; ஒவ்வொன்றும் ஒன்றேகால் கெஜம் என்றால் அதுவும் 10,800 கெஜம். ஆக, ஒரு சேலைக்குள் 21,600 கெஜ நூல் இருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு மைல்! தேனியிலிருந்து போடிக்குப் போகும் தூரத்துக்குச் சற்று அதிகமாகவே இருக்கும் அந்த இழையை மடித்து மடித்துத்தான் நம் பெண்கள் உடுத்துகிறார்கள். நன்றாகப் பழகிய கை, ராட்டையில் மணிக்கு 400 கெஜம் நூற்கும் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சேலைக்கு நூல் சேர 54 மணி நேரம் ஆகும்; நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் முழுதாக ஏழு நாட்கள். நெய்கிறவருக்கோ அதே சேலைக்கு ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் போதும். அதாவது, ஒரு தறி ஓயாமல் ஓடுவதற்கு ஐந்தாறு ராட்டைகளாவது ஓயாமல் சுழல வேண்டும்.

இந்தச் சங்கடம் எல்லாத் தேசங்களிலும் இருந்ததுதான். இங்கிலாந்தில் 1733இல் ஜான் கே என்பவர் இழுத்துவிட்டால் ஓடும் நாடாவைக் கண்டுபிடித்தபோது நெசவு வேகம் பெற்றது. நூற்கும் பெண்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நூலுக்கு ஏற்பட்ட அந்தப் பஞ்சமே, சுமார் முப்பது வருஷங்களுக்குப் பிறகு ஒரே சமயத்தில் பல கதிர்களைச் சுழற்றும் ஜென்னி இயந்திரத்தை ஹார்கிரீவ்ஸ் செய்வதற்குத் தூண்டுதலாயிற்று. நூற்பு ஆலைக்குள் போனது அதிலிருந்து தொடங்கியது. நூற்பு முதலில் வீழ்ந்து நெசவு நெடுநாள் தாக்குப் பிடித்தது தற்செயலன்று. ஐந்தாறு பேருடைய உழைப்பை விழுங்குகிற வேலையைத்தான் இயந்திரம் எங்கும் முதலில் தேடிக்கொள்கிறது.

நம் நாட்டில் கைநூற்பு எவ்வளவு பூரணமாக மறைந்துவிட்டது என்பதற்குக் காந்தியடிகளே சாட்சி. ராட்டையே பாரத தேசத்தின் வறுமைக்கு மருந்தென்று அவர் ‘இந்திய சுயராஜ்ய’த்தில் எழுதிய காலத்தில், தறியையோ ராட்டையையோ தாம் கண்ணால் கண்டதாக நினைவில்லை என்று பின்னாளில் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஊர் ஊராகத் தேடி அலைந்த கங்காபென் என்ற அம்மையார், கடைசியில் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் ராட்டையைக் கண்டுபிடித்தார். அங்கே வீடுகளில் ராட்டைகள் பரணில் கிடந்தன. பட்டை போட்ட பஞ்சை ஒழுங்காகக் கொடுத்து, நூற்றதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் மறுபடி நூற்கத் தயார் என்று அந்தப் பெண்கள் சொன்னார்களாம். அந்தச் சிறு நிபந்தனையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கையும் மறக்கவில்லை, மனமும் மறுக்கவில்லை. பஞ்சைக் கொண்டுவருகிறவனும் நூலை எடுத்துப் போகிறவனும் இடையில் காணாமற் போயிருந்தார்கள்.

அந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே அகில பாரத சர்க்கா (ராட்டை) சங்கம். 1921ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தியடிகள், நாட்டு ஏழைகளின் உடையைத் தம் உடையாக ஏற்று அரைத் துணியோடு வெளியே வந்த வரலாறு நம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு நான்கு வருஷங்களுக்குப் பின், 1925 செப்டம்பரில், பாட்னாவில் இந்தச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. தமிழகத்தில் திருப்பூர் அதன் பெரிய கேந்திரமாயிற்று, அதே வருஷம் பிப்ரவரியில் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கியிருந்தார், ஈ. வெ. ராமசாமி அவர்கள் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற நாட்களும் அக்காலத்தைச் சேர்ந்தவையே.

சங்கத்தின் பெருமையாக எத்தனையோ சொல்லலாம். என்னைப் பெரிதும் கவர்ந்தது அதன் சந்தா விதிதான். அங்கத்தினர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. நூல் கட்ட வேண்டும். முதல் வகுப்பு அங்கத்தினர் மாதந்தோறும் தம் கையால் நூற்ற 1000 கெஜம் நூலும், இரண்டாம் வகுப்பினர் வருஷத்துக்கு 2000 கெஜம் நூலும் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்கு ஒரு வருஷம் முன்னே, காந்தியடிகள் தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸ், மாதம் 2000 கெஜம் நூல் தருகிறவரே காங்கிரஸ் அங்கத்தினர் என்றுகூட விதித்துப் பார்த்தது. அரசியல்வாதிகளுக்கு அது ஒத்துவராமல், வெகு சீக்கிரத்தில் கைவிடப்பட்டது. சர்க்கா சங்கத்திலோ அந்த விதி இயற்கையாகவே பொருந்தி நின்றது.

முன்னே போட்ட சேலைக் கணக்கை இங்கே மறுபடியும் எடுத்துக்கொள்வோம். மாதம் 1000 கெஜம் என்றால் வருஷத்துக்கு 12,000 கெஜம். இரண்டு அங்கத்தினர்களின் ஒரு வருஷச் சந்தாவைச் சேர்த்தால் 24,000 கெஜம். கழிவு போக ஒரு சேலைக்கு அது சரியாக வந்துவிடும். மாதம் 1000 கெஜம் என்பது நாளொன்றுக்கு 34 கெஜம். ராட்டை வைத்திருப்பவருக்கு ஐந்து நிமிஷம், தக்ளி மட்டும் உள்ளவருக்குக் கால் மணி, இருபது நிமிஷம். பணத்தைச் சந்தாவாகக் கட்டுகிற ஒருவர் அங்கத்தினராக இருந்துகொண்டே அந்தத் தொழிலைத் தொடாமல் காலம் கழிக்கலாம். நூலைக் கட்டுகிறவரால் அது முடியாது. சங்கத்தின் பொக்கிஷத்தை ஒருவர் திறந்து பார்த்தால், யார் கை படிந்திருக்கிறது, யார் அவசரப்பட்டிருக்கிறார், யார் இந்த மாதம் நோயுற்றிருந்தார் என்பதைக் கணக்குப் புத்தகம் இல்லாமலே நூல் சிட்டங்களைத் தொட்டுச் சொல்லிவிடலாம்.

ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் சங்கமாகக் கூடுவது உலகத்துக்குப் புதிதன்று. குஜராத்தின் தென்பகுதியாகிய லாட தேசத்திலிருந்து பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்து மந்தசோருக்குக் குடிபெயர்ந்து, கி.பி. 437இல் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியதையும், 473இல் அதே சங்கத்தார் அதைப் பழுதுபார்த்ததையும் அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. லண்டன் நெசவாளர் சங்கத்துக்கு 1155இல் இரண்டாம் ஹென்றி மன்னன் சாஸனம் அளித்தான். இவையெல்லாம் பிழைப்புக்காகக் கூடிய சங்கங்கள்; நெய்கிறவன் குடும்பத்தையும் கூலியையும் தொழில் மரியாதையையும் காப்பாற்றுவது இவற்றின் நோக்கம்.

இருபதாம் நூற்றாண்டில் வேறு விதமான சங்கங்கள் தோன்றின. அவற்றின் கதை நம் தமிழ் இனத்தோடும் ஒரு நூலிழையால் கட்டப்பட்டிருக்கிறது. இலங்கைத் தமிழராகிய சர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி, ஈதெல் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து, 1903 முதல் 1907 வரை இலங்கையில் வசித்தபோது, அவ்வம்மையார் அந்நாட்டுக் கிராமக் கைத்தொழில்களைக் கூர்ந்து கற்றார். பின்னர் அவர்கள் பிரிந்தனர். ஈதெல் மெய்ரெட் என்ற பெயரோடு இங்கிலாந்தின் டிட்ச்லிங் கிராமத்தில் கைநூற்பும் நெசவும் தாவரச் சாயமும் கற்பிக்கும் பட்டறை ஒன்றை அவர் நடத்தினார். 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது. அவரோடு பழகிய எலிசபெத் பீக்காக் முதலானோர் 1931இல் நெசவாளர், நூற்போர், சாயமிடுவோர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். இத்தகைய பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து 1955இல் ஒரு கூட்டமைப்பாயின. அச்சங்கங்களில் ஆசிரியைகளும், தாதிகளும், குமாஸ்தாக்களும், வீட்டைக் கவனிக்கும் பெண்களும் கூடுகிறார்கள். ஒருவர் ஆட்டு ரோமம் கொண்டுவருவார். இன்னொருவர் வெங்காயத் தோலை வேகவைத்த சாயத்தைக் காட்டுவார். புதிதாக வந்தவரின் அறுந்த இழையைப் பழையவர் ஒருவர் எடுத்துச் சேர்த்துக் கொடுப்பார். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி உள்ளவர்கள், கைக்கு ஒரு கல்வி வேண்டும் என்று கூடுகிற கூட்டம் அது.

எனக்குச் சர்க்கா சங்கம் விசேஷமாகத் தோன்றுவதற்குக் காரணம், அது இந்த இரண்டு வகையையும் ஒரே கூரையின் கீழ் வைக்க முயன்றது என்பதே. கூலிக்கு நூற்கும் கிராமத்துப் பெண்களும், சந்தாவுக்கு நூற்கும் வக்கீல்களும் வாத்தியார்களும் ஒரே ஸ்தாபனத்தைச் சேர்ந்திருந்தார்கள். இதில் ஒரு பக்கம் தோல்வியே என்று சொல்ல நான் தயங்கவில்லை. நாள் முழுவதும் நூற்றாலும் வயிறு நிறையாத கூலியைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, அதைத் தேசத் தொண்டு என்று வர்ணிப்பது நியாயமாகாது; அதைக் காந்தியடிகளே உணர்ந்து, கூலியை உயர்த்த வேண்டும் என்று 1935 முதல் பிடிவாதம் பிடித்தார். 1929இலேயே, கிராமத்துப் பெண் சோர்வின்றிச் சுற்றக்கூடியதாகவும், 150 ரூபாய்க்கு மேற்படாததாகவும் ஒரு ராட்டையைச் செய்து தருவோருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசளிப்பதாகச் சங்கம் அறிவித்திருந்தது. அந்தப் பரிசை ஒருவரும் பெறவில்லை. அந்தக் கனவுக்கு மிக அருகில் வந்தவர் நம் தமிழரே. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன், பல கதிர்களை ஒருங்கே சுழற்றும் ராட்டை ஒன்றைச் சுதந்திரம் வந்த சில வருஷங்களில் உருவாக்கினார். அவர் பெயரின் நடுப்பகுதியே அம்பர் சர்க்கா என்று தேசமெங்கும் வழங்கலாயிற்று. சர்வோதய சங்கங்களில் நூற்புக் கூடங்கள் இன்றும் ஓடுவது அந்தப் பரம்பரையால்தான்.

அடுத்த பக்கம், அதாவது பிழைப்புக்கு வேறு வழியுள்ளவர்கள் சந்தாவுக்காக நூற்ற பக்கம், தோற்றுப் போனதாக நான் கருதவில்லை. நாம் அதை மறந்துவிட்டோம் என்றே கருதுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கைவிட அதற்கு ஏற்ற இடம் எனக்குத் தெரியாது. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் தண்ணீர் கம்பத்துக்கும் கூடலூருக்கும் நெல்லும் திராட்சையும் தருகிறது. கிழக்கே ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகள் பருத்திக்கு உரியவை. தேனியில் நூற்பாலைகள் உண்டு. சக்கம்பட்டியில் தறியும், அதை ஓட்டத் தெரிந்த கைகளும் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார்கள், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், கல்லூரி மாணவிகள் என்று இருபது பேர் கூடி, மாதம் 1000 கெஜம் என்ற பழைய விதியை ஏற்றுக்கொண்டால், வருஷத்துக்குப் பத்துச் சேலைகளுக்கான நூல் அவர்கள் கையிலேயே விளையும்; அதை நெய்து கொடுக்கும் நெசவாளருக்கு முழுக் கூலியும் அவர்களால் கொடுக்க முடியும்.

ஆரம்பிப்பதற்கு வேண்டியது சொற்பம். ஆதாரக் கல்வி முறை நம் பள்ளிகளில் இருந்த காலத்து மிச்சமாக, நான் படித்த பள்ளியில் வாரம் ஒரு பீரியடு தக்ளி வகுப்பு உண்டு. ஒரு சாண் நீளக் கம்பி, அதன் அடியில் காசளவு ஒரு வட்டத் தகடு, நுனியில் ஒரு சிறு கொக்கி, இவ்வளவுதான் தக்ளி. விரல் தடிமன் பட்டையிலிருந்து சில இழைகளைக் கொக்கியில் மாட்டி, வலக்கை விரல்களால் கம்பியைச் சொடுக்கிச் சுழலவிட்டு, இடக்கையால் பட்டையை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். கை முந்தினால் முறுக்குப் போதாமல் இழை அறுந்து விழும்; கை பிந்தினால் முறுக்கு மிஞ்சி நூல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டுகொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே, முறுக்கு நூலின் மேல் ஏறிக்கொண்டே வந்து பஞ்சைத் தொடும் அந்தச் சமயத்தில், விரல் நுனியில் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். அதை ஒரு தடவை உணர்ந்துவிட்ட விரல் பிறகு தானே இழுத்துக்கொள்ளும். பஞ்சும் முக்கியம். கருங்கண்ணி போன்ற நம் பழைய நாட்டுப் பருத்தி கைநூற்புக்கு இணங்கி வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து பரவிய கம்போடியாப் பருத்தியும் அதற்குப் பின் வந்த நீண்ட இழை ரகங்களும் ஆலைகளின் தேவையை முன்னிட்டே வளர்க்கப்பட்டவை.

சென்ற வருஷம் மார்கழியில் நான் தக்ளியைத் தேடி எடுத்து மறுபடியும் நூற்க உட்கார்ந்தேன். முதல் மாதம் அறுந்தது அதிகம், சுற்றியது குறைவு. ஆனி மாதத்துக்குள் மூன்று சிட்டங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் 840 கெஜம். அவற்றை ஒரு துணிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு சக்கம்பட்டிக்குப் போய், குழித்தறியில் ஐம்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். அவர் தறியை நிறுத்தி, சிட்டத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, ஓர் இழையைப் பிரித்து இரண்டு விரல்களால் உருட்டினார். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தார். பட்டென்று அறுந்தது. இன்னோர் இடத்தில் இழுத்தார், அது தாங்கிற்று.

“தம்பி, இது பாவுக்குத் தாங்காதுப்பா. பண்ணை அடிக்கிற அடியில அத்துக்கிட்டே இருக்கும். ஊடைக்கு வேணும்னா ஆகும்” என்றார். சற்று நேரம் சிட்டத்தைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, “பஞ்சு நல்ல பஞ்சுதான். கை இன்னும் படியல. பாவுக்கு மில்லு நூலு போட்டுக்கிட்டு இதை ஊடையாப் போட்டா, ஒரு துண்டு எறக்கித் தரலாம். இன்னும் ரெண்டு சிட்டம் கொண்டா” என்று சொல்லி, பையை வாங்கிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடியும் குழிக்குள் காலை விட்டுக்கொண்டார்.

நான்காவது சிட்டம் இப்பொழுது பாதி ஆகியிருக்கிறது.